ஒரே பக்கமாகத் தேய்த்த ஜாடி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுதித் தரச் சொல்லி யாரையும் கெஞ்சாமல், எழுதக் கற்றுக்கொண்டு நானே எழுதுகிறேன், இந்த வயதில்! சுகம்தானே? மூட்டுவலி எப்படி?

இங்கே புதுப் பீங்கான் ஜாடிகளைச் சீனத்துப் பழசு என்று முதலாளி இணையத்தில் விற்கிறார். பழசாகத் தெரிய அடிவிளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பது என் வேலை. நேற்று ஒரு ஜாடி திரும்பி வந்துவிட்டது.

“பெரியவரே, கீறலெல்லாம் ஒரே பக்கமா ஓடுது, நிஜப் பழசுன்னா தாறுமாறா இருக்கும்னு வாங்கினவன் கண்டுபிடிச்சிட்டான். எல்லாப் பக்கமும் தேயுங்க. அதுவரைக்கும் உங்க பாஸ்போர்ட் என் பெட்டியிலதான்” என்றார் முதலாளி.

எனக்கு அது தெரியாதா? விவரமானவர் ஏமாறக் கூடாதென்றுதான் வேண்டுமென்றே ஒரே பக்கமாகத் தேய்க்கிறேன். விரல் வெடிப்புக்குக் களிம்பு அனுப்பு. ஊர் திரும்ப வேண்டுமே, அவர் சொன்னபடி தேய்த்துவிடட்டுமா? நீ சொன்னால் செய்கிறேன். நீ சொல்ல மாட்டாய், தெரியும். அடுத்த வாரமும் இங்கிருந்துதான் எழுதுவேன்.