ட்ரெபிள் எட்டு

ஆகஸ்ட் 21, வியாழன்

ஏழு மணிக்கே வெயில். பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசன். ஒவ்வொரு பேட்ச்சிலும் சாம்பிள் எடுத்து வெடித்துப் பார்ப்பதுதான் என் வேலை. இன்று மதியம் வரை ஓயவில்லை. தலைவலி.

சாயங்காலம் கிடார் ஆம்ப் வந்து இறங்கியது. மதுரையில் பழசாக வாங்கியது, ட்யூப் ஆம்ப். கீபோர்டு பாண்டியும் நானும் தூக்கி இறக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. ஒத்திகைக்குக் காலண்டர் பிரஸ் முதலாளி பேப்பர் குடோனில் ஒரு மூலை தந்திருக்கிறார். அடுத்த வியாழன் விருதுநகரில் ரிசப்ஷன் கச்சேரி. அதற்குள் எந்தப் பாட்டுக்கு எந்த டோன் என்று நான் எழுதித் தரவேண்டும்.

"காது உன்னோடதுலே. நீ சொல்றதுதான்" என்றான் பாண்டி. ட்ரூப்பில் என்றைக்கும் அப்படித்தான். ஒரு மைக் வாங்கினாலும் நான் கேட்டுச் சொன்னால்தான். பெருமைதான். யாரிடம் மறைக்க?

22, வெள்ளி

ஸ்விட்ச் போட்டதும் வாசிக்க முடியாது. ட்யூப் சூடாக வேண்டும். பொறுமை.

மெலடி: கெயின் 2, பாஸ் 5, மிடில் 6, ட்ரெபிள் 5. கீழ்க் கம்பிகள் அருமை, வயிற்றில் வந்து உட்காருகிறது. மேல் கம்பிகளில் உயிர் இல்லை. போர்வைக்குள் வாசிக்கிற மாதிரி. சுற்றிலும் காலண்டர் பேப்பர் கட்டு, கூரை வரை. அதுதான் மேல் சத்தத்தைக் குடிக்கிறது. அதைக் கூட்டுகிற குமிழைத் திருப்பினேன். ட்ரெபிள் 8.

குத்து: கெயின் 4, பாஸ் 3, ட்ரெபிள் 8.

ராக்: கெயின் 7. ட்யூப் நன்றாக உறுமுகிறது. ஆனால் விளிம்பு இல்லை. ட்ரெபிள் 8, இன்னும் கொஞ்சம்.

பாண்டி கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். கத்தரிக்காய் வாங்க மறந்தேன். வீட்டில் மனைவி மாரியிடம் திட்டு.

24, ஞாயிறு

பேப்பர் எல்லாம் அச்சுக்குப் போய்விட்டது. குடோன் காலி. கைதட்டினால் எதிரொலிக்கிறது. ஆசையாகப் போய் வாசித்தேன்.

அதே போர்வை.

ட்யூப் போய்விட்டதோ? கூடவே வந்த மாற்று ட்யூப்களைப் போட்டுப் பார்த்தோம். அதே. ட்ரெபிள் 9.

மாரி இதே பிரஸ்ஸில்தான் காலண்டர் விளிம்புக்குத் தகரப் பட்டை அடிக்கிறாள். ஞாயிறும் வேலை. தூக்குவாளியோடு வந்தவள் வாசலிலேயே காதைப் பொத்தினாள்.

"என்னங்க இது, காதுக்குள்ள ஊசி குத்துறாப்ல! எப்படித்தான் நிக்கீக இங்கன?"

"உனக்கென்ன தெரியும்?" என்றேன். வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பயத்தில் சொன்னேன்.

26, செவ்வாய்

அரை நாள் லீவு. விருதுநகர், காது டாக்டர். சின்னக் கண்ணாடி அறை, ஹெட்போன். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். முதலில் டக் டக்கென்று அமுக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று வெளியே இருந்த பெண்ணைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர்: "என்ன வேலை பாக்கீக?"

"வெடி வெடிச்சுப் பாக்குறதுங்க. பதினாறு வருசமா."

"காதுல என்ன வச்சுக்கிடுவீக?"

"பஞ்சு."

எழுதுவதை நிறுத்திவிட்டார். மேல் சத்தம் போனது போனதுதானாம். மிச்சத்தைக் காப்பாற்றலாம், வேறு வேலைக்கு மாறுங்கள் என்றார்.

பஸ்ஸில் ஆமத்தூர் வரை அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், "வீட்டுல யாருக்கும் முடியலையா?" ஆமாம் என்றேன்.

27, புதன்

சூப்பர்வைசரிடம் வேறு செக்‌ஷன் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார்.

பாண்டியிடம் சொன்னேன். அவன் அதிர்ச்சியடையவில்லை. தரையைப் பார்த்தான்.

"தெரியும்லே. ரெண்டு வருசமாத் தெரியும்."

ஒவ்வொரு கச்சேரியிலும் நான் முன்பிருந்த ஆம்பில் டோன் வைத்துவிட்டு மைக் பக்கம் நகர்ந்ததும், இவன் பின்னால் போய் ட்ரெபிளைக் குறைத்திருக்கிறான். அம்புட்டுக் கச்சேரியிலும். நான் ஒரு தடவைகூடக் கண்டுபிடிக்கவில்லை.

"ஏம்லே சொல்லல?"

"சொன்னா கிடாரைத் தூக்கி வச்சிருவ. எனக்கு நீ வேணும்லே."

அவனை அடிக்கலாம் போலிருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும். இரண்டும் செய்யவில்லை. டீ குடித்தோம்.

மாரியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன். வாசிக்க வாசிக்க, பாண்டி ட்ரெபிளைத் திருப்பினான். எட்டில் அவள் பல்லைக் கடித்தாள். ஆறில் நெற்றி சுருங்கியது. நாலில் கண்ணை மூடிக்கொண்டாள். "இது நல்லாருக்குங்க. இப்படியே வாசிங்க." எட்டுக்கும் நாலுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

ட்ரெபிள்: மெலடி 4. குத்து 5. ராக் 4, மிடில் 7.

28, வியாழன்

ரிசப்ஷன். நல்ல கூட்டம், பன்னீர் வாசனை. பாண்டி இன்றைக்கு என் கண்முன்னாலேயே ட்ரெபிளைத் திருப்பினான். வாசித்தேன். விரல் மறக்கவில்லை.

முடிந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா மேடை ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னா டோனுங்க! மேல் கம்பி ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கேட்டுச்சு!"

அந்த மேல் கம்பி எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. அவர் கையை நானும் பிடித்துக்கொண்டேன்.