நாலு அங்குலம் குறைத்த கூரை

ஆயில்டேல், கலிஃபோர்னியா
9 மார்ச் 1986

வெர்லினுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உடம்பு சரியில்லை என்றாலும் நீ எழுதமாட்டாய் என்பதால், நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் வலி. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் சிமெண்ட் தரையில் நின்றதற்குக் கிடைத்த பரிசு. போன மாதத்தோடு வேலையை விட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை விற்றாயிற்று. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் "உன் இஷ்டம்" என்று எழுதியிருந்தாயே, அதையே சம்மதமாக வைத்துக்கொண்டேன். ஜூன் பதினைந்துக்குள் காலி செய்ய வேண்டும். பிஸ்மோவில் தங்கை ஃபெர்ன் வீட்டுக்குப் போகிறேன். புருஷன் போனதிலிருந்து அவளும் தனியாகத்தான் இருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் வழி செய்துவிட்டேன், ஷெட்டில் கிடக்கும் உன் வண்டியைத் தவிர. முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு. நம் கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்தது, காகிதம் இன்றைக்கும் என் பேரில்தான் இருக்கிறது. ஆனால் நான் அதை ஒரு நாளும் என் வண்டி என்று சொன்னதில்லை. ஹாட் ராட் என்று சீறிப்பாயும் வண்டியாக்கி ஊரையே அசத்துகிறேன் என்று நீதான் பிரித்துப் போட்டாய். மட்கார்டைக் கழற்றினாய், வேறு எஞ்சின் இறக்கினாய், கூரையை அறுத்து நாலு அங்குலம் குறைத்து மறுபடி பற்றவைத்தாய். பிறகு என்னவோ, எழுபத்திரண்டில் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டாய். மூன்று வருஷம் கழித்து அலாஸ்காவில் குழாய் பதிக்கப் போனாய். அங்கிருந்து நெவாடா சுரங்கம். பதினொரு வருஷமாக "வண்டியை எடுக்க வருகிறேன்" என்று எழுதிக்கொண்டிருக்கிறாய். என்னைப் பார்க்க வருகிறேன் என்று ஒரு தடவை எழுதியிருந்தால் நான் இந்த வீட்டை விற்றிருக்கமாட்டேன்.

வந்து எடுத்துக்கொண்டு போ. இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவேன்.

நொரீன்

பி.கு. போன் செய்யாதே. போனில் நீ பேசுவதில்லை, மூச்சு மட்டும் விடுகிறாய்.


எல்கோ, நெவாடா
20 மார்ச் 1986

அன்புள்ள நொரீன்,

உன் கடிதம் வந்தது. இரும்புக்காரனைக் கூப்பிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உடனே வர முடியாத நிலை. ஜனவரியில் சுரங்க லாரிக்கு டயர் மாற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த டயர் என்னைவிட உயரம். எதுதான் உன்னைவிட உயரமில்லை என்று நீ கேட்பாய், கேட்டுக்கொள். செத்த வண்டியைச் சங்கிலி போட்டு இழுத்து லாரியில் ஏற்ற என் இடுப்பு தாங்காது. அது ஓடுகிற நிலையில் இருந்தால் பஸ் ஏறி வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீயே பாரேன். உன் அப்பாவின் பருத்திக் காட்டில் டிராக்டரைப் பிரித்து மாட்டியவள் நீ. உன் கையில் இருக்கிற பொறுமை என் கையில் என்றைக்கும் இருந்ததில்லை.

எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்று. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனையும் கியர் எண்ணெயையும் சரிபாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்று. சாதாரண கியர் எண்ணெய் இல்லை, ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெய். ஒரு வாரம் தொடாதே. பிறகு முன்பக்கத்து நட்டில் நீளக் கைப்பிடி போட்டு மெதுவாக அசைத்துப் பார். அசையாவிட்டால் மறுபடி ஊற்று. முரட்டுத்தனம் பண்ணாதே. நான் பண்ணித்தான் இரண்டு போல்ட்டை முறித்தேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன்,
வெர்லின்


ஆயில்டேல்
13 ஏப்ரல் 1986

வெர்லினுக்கு,

எனக்குப் பைத்தியம்தான். அட்டைப் பெட்டியில் பாத்திரம் கட்ட வேண்டிய நேரத்தில் உன் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

தார்ப்பாயைத் தூக்கியதும் எலி நாற்றம். கார்புரேட்டருக்குள் குளவி மண்கூடு. பெட்ரோல் டேங்கில் இருந்தது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். முதல் வாரம் எஞ்சின் அசையவில்லை. இரண்டாம் வாரமும் அசையவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியதில் தோள்பட்டை போனதுதான் மிச்சம். அப்புறம் உதிரிபாகக் கடையில் ஒரு பெண் மாட்டினாள். லூப்பே இபாரா என்று பேர். ஐந்தடிக்கு ஒரு விரல்கடை குறைவு, வாய் மட்டும் ஆறடி. கேஸ்கெட் கேட்டபோது பிடித்துக்கொண்டாள்.

"இந்த எஞ்சின யாரு வச்சிருக்கா இன்னும்? யார் வண்டிம்மா?"

"புருஷன் வண்டி."

"புருஷன் எங்க?"

"நெவாடால."

"வண்டி எத்தன வருஷமா நிக்குது?"

"பதினாலு."

"புருஷன்?"

"பதினொண்ணு."

"அப்ப ரெண்டுக்கும் சேத்தே எண்ண ஊத்தணும்."

கடையிலேயே சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று என்று வீட்டுக்கு வந்துதான் நினைத்துப் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலமே தன் கருவிப் பெட்டியோடு வந்து நின்றாள். சிக்கிக்கிடந்த வால்வு இரண்டையும் தட்டித் தட்டி எடுத்தது அவள்தான். நேற்று மத்தியானம் எஞ்சின் ஒரு சுற்று சுற்றியது.

சந்தோஷப்படத்தான் நினைத்தேன். சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், கூரை மண்டையில் இடித்தது. எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கும் இப்படித்தான், முதல் தடவையாகச் சீட்டை மாட்டியிருந்தாய். ஆசையாக ஏறினேன், கழுத்தைக் கோணாமல் உட்கார முடியவில்லை. "நான் எங்க உக்கார்றது வெர்லின்?"னு கேட்டேன். "என் வண்டி, என் அளவு"ன்னு சொன்ன. என் அப்பா கொடுத்த வண்டியில் எனக்கு இடம் வைக்காமல் அறுத்தவன் நீ. அதற்கப்புறம் இந்த வீட்டில் எதிலும் எனக்கு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஜூன் பதினைந்து ஞாபகம் இருக்கட்டும்.

நொரீன்


எல்கோ
24 ஏப்ரல் 1986

அன்புள்ள நொரீன்,

எஞ்சின் சுற்றியது என்று படித்ததும் சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லோரிடமும் சொன்னேன். "யாரு சுத்தினது?"ன்னு கேட்டாங்க. "என் சம்சாரம்"னேன். "உனக்குச் சம்சாரம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. நான் சூப்பைக் குடிச்சேன்.

பேட்டரி மாட்டும்போது கவனம். மற்ற வண்டி மாதிரி இல்லை, இந்த ஃபோர்டில் பிளஸ் ஒயர்தான் பாடிக்குப் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பொறி மெலிந்துவிடும், நாள் முழுக்க ஸ்டார்ட்டரை அழுத்தினாலும் பிடிக்காது. டேங்கை விட்டுவிடு. ஒரு கேனில் புதுப் பெட்ரோல் ஊற்றி, கேனை உயரமாகக் கட்டித் தொங்கவிட்டு, ரப்பர் குழாயில் இறக்கு. அந்த இபாராப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல்.

இடுப்பு பரவாயில்லை. ஆனால் சூப்பர்வைசர் ஜூலைக்கு முன்னால் லீவு இல்லை என்கிறான். ஜூலை வரை ஃபெர்ன் வீட்டில் வண்டியை நிறுத்தி வைக்க முடியுமா? ஓடினால் கண்டிப்பாக வருவேன்.

கூரை பற்றி எழுதியிருந்தாய். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். படிக்க முயற்சி செய்யாதே.

உன்,
வெர்லின்


ஆயில்டேல்
18 மே 1986

வெர்லினுக்கு,

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "உன்னைப் பார்க்க" என்பது வரைக்கும் தெரிகிறது. அதற்குப் பிறகு பேனாவை அழுத்தித் தாளையே கிழித்திருக்கிறாய். உன்னைப் பார்க்க ஆசை என்றா, உன்னைப் பார்க்க முகமில்லை என்றா, உன்னைப் பார்க்க வேண்டியதில்லை என்றா? மூன்று நாள் இதே வேலையாக இருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குத் தேவையா இது?

வண்டி ஓடியது. வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு. முதலில் நான்கு தடவை இருமியது, ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. லூப்பே உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்த, நான் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் எட்டுச் சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்தன. அந்தச் சத்தத்தை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன், மறக்கவில்லை. அடுத்த வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலே எட்டி, "யார் வந்திருக்கா? வெர்லினா?"ன்னு கேட்டார். "இல்ல, வண்டி மட்டும்தான்"னேன்.

லூப்பே தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள், தொப்பிக்கு மேலே இன்னும் இரண்டு விரல் இடம். "என்னை அளந்து செஞ்ச மாதிரி இருக்கும்மா"ன்னு சொன்னா. நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். பிறகு, நானும் ஓட்டித்தான் பார்ப்போமே என்று சந்து முனை வரைக்கும் ஓட்டினேன். தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓட்டினேன். திரும்பி வந்து இறங்க முடியவில்லை, கழுத்து பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கழுத்து வலிக்கு அழவில்லை என்று உனக்குத் தெரியும்.

நேராகக் கேட்கிறேன், நீயும் நேராகச் சொல். ஜூலையில் நீ வந்தால் வண்டிக்காக வருவாயா, எனக்காக வருவாயா? வண்டிக்காக என்றால் வண்டியை எடுத்துக்கொள், வீட்டுக்குள் வராதே. இன்னொன்று. அந்தக் கூரையை அறுக்கும்போது நான் ஒருத்தி இருப்பது உனக்கு ஞாபகமே வரவில்லையா? நேரில் கீரில் எல்லாம் வேண்டாம், எழுது.

நொரீன்


எல்கோ
27 மே 1986

அன்புள்ள நொரீன்,

இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். இதையும் கிழித்தால் அப்புறம் எழுதமாட்டேன்.

கூரையை உனக்காகத்தான் அளந்தேன்.

நீ ஹாலில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாய். நான் பின்னால் வந்து, துடைப்பக் கம்பை உன் முதுகோடு வைத்துத் தலை உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டேன். திரும்பி "என்ன பண்ற?"ன்னு கேட்ட. "கொசு"ன்னேன். உனக்குத் தெரியாமல் செய்து, முடித்தபின் உன்னை உட்காரவைத்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. கம்பை அந்த அளவுக்கு வெட்டினேன். வண்டிக்குள் தரையில் நிறுத்தினேன். கம்புக்கு மேலே பத்து அங்குலம் இருந்தது. நாலு எடுத்தால் ஆறு மிச்சம், நொரீனுக்குத் தாராளம் என்று அறுத்தேன்.

அப்போது சீட் வண்டியில் இல்லை. உறை தைக்கத் தையல்காரனிடம் போயிருந்தது. சீட் எட்டு அங்குலம்.

பதினைந்து வயதிலிருந்து ஸ்பேனர் பிடிக்கிறவன். சீட்டை மறந்து கூரையை அறுத்தேன் என்று எப்படிச் சொல்வேன்? ஹாட் ராட் கிளப்பில் தெரிந்தால் சாகும்வரை சிரிப்பார்கள். நீ "நான் எங்க உக்கார்றது?"ன்னு கேட்டப்ப வாயில் முதலில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சுயநலக்காரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, முட்டாள் என்று மட்டும் நீ நினைக்கக் கூடாது என்று இருந்தது. உன் முகம் அப்படிப் போனதைப் பார்த்த பிறகும் சொல்லவில்லை. நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. வண்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, மூடினேன். பிறகு சாப்பாட்டு மேஜையில் உன்னைப் பார்க்க முடியவில்லை, அலாஸ்காவுக்குப் போனேன். இதுதான் நடந்தது. இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கிழிந்துபோன வார்த்தை "வெட்கமாக இருக்கிறது."

ஜூலையில் வண்டியை எடுக்க வருகிறேன். வந்தால் பேசலாம்.

உன்,
வெர்லின்


ஆயில்டேல்
8 ஜூன் 1986

அன்புள்ள வெர்லின்,

கொசு ஞாபகம் இருக்கிறது. குளிர்காலத்தில் ஏது கொசு என்று அன்றைக்கே நினைத்தேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை வந்த கோபத்தில், நீ பக்கத்தில் இருந்திருந்தால் கையில் இருந்ததை வீசியிருப்பேன். பதினாலு வருஷம், வெர்லின். இவனுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்று பதினாலு வருஷம் நம்பிக்கொண்டு சமைத்தேன், துவைத்தேன், தனியாகப் படுத்தேன். நீ என்னை நினைத்துத்தான் அளந்திருக்கிறாய், தப்பாக அளந்திருக்கிறாய். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வாரம் உன்னைக் கேலி பண்ணியிருப்பேன், அப்புறம் இரண்டு பேருமாகச் சீட்டைக் குறைத்திருப்போம். முட்டாளோடு நான் சந்தோஷமாக வாழ்ந்திருப்பேன். வாய் திறக்காதவனோடுதான் முடியவில்லை.

மூன்றாம் தடவை படித்தபோது கோபமும் இல்லை, அலுப்புதான் இருந்தது. அதோடு கடைசி வரியும் கண்ணில் பட்டது. இவ்வளவு எழுதிவிட்டு, மறுபடியும் வண்டியை எடுக்கத்தான் வருகிறாய்.

அதனால் வண்டியை லூப்பேவுக்குக் கொடுத்துவிட்டேன். காகிதம் என் பேரில் இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் ஜூலை என்பாய். அவள் நம்பவே இல்லை, "நெசமாவாம்மா, நாளைக்கு மாத்திப் பேசமாட்டீங்களே?"ன்னு நாலு தடவை கேட்டா. நேற்றுக் காலை தானே ஓட்டிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஷெட்டைப் பெருக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நீ என்னைத் திட்டுவாய். திட்டிக்கொள், ஆனால் நேரில் வந்து திட்டு.

இனிமேல் வந்து எடுத்துக்கொண்டு போக உனக்கு இங்கே எதுவும் இல்லை. நான் ஒருத்திதான் இருக்கிறேன், முழங்கால் வலியோடும் உன்மேல் இருக்கிற கோபத்தோடும். வெள்ளிக்கிழமை பிஸ்மோவுக்குப் போகிறேன். நீ வந்தாலும் வரலாம் என்று ஃபெர்னிடம் சொல்லியிருக்கிறேன், அவள் உன்னை ஒரு மாதத்துக்குச் சும்மா விடமாட்டாள், தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது.

எனக்குக் கடிதம் எழுதத் தெம்பில்லை. படிக்கவும் இல்லை. வருகிறேன் என்று எழுதாதே. வா.

நொரீன்