பின்சுவரோரத்து எர்த் குழி

பிரியமுள்ள தம்பி சுடலைக்குமாருக்கு அண்ணன் காளிராஜ் எழுதுவது. அம்மாவும் நானும் இங்கே இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது புனேயில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இரு. போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் காகிதம். கம்ப்யூட்டர் வேகத்தைக் கூட்டி ஓவர்க்ளாக் பண்ண எந்த மதர்போர்டு வாங்கலாம் என்று மாமா மகள் காளீஸ்வரியிடம் கேட்டாயாம், அண்ணனிடம் கேட்காதே என்றும் சொன்னாயாம். அவளுக்கு என்ன தெரியும், எலெக்ட்ரிக்கல் படித்தவன் நான், எழுதுகிறேன். விளக்கு மின்னுகிற போர்டைக் கடைக்காரன் காட்டுவான், மயங்காதே. இன்டெல் என்றால் இசட் வரிசை சிப்செட்டும் பெயர்க் கடைசியில் கே உள்ள பிராசஸரும் வேண்டும், ஏஎம்டி என்றால் பி வரிசையே போதும். பிராசஸரைச் சுற்றி மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பகுதியின் மேல் கனமான அலுமினியக் கட்டி இருக்கிறதா பார், மொட்டையாக இருந்தால் சூட்டில் செத்துப்போகும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, வோல்டேஜைக் கடைசியில் தொடு. இதெல்லாம் உனக்கே தெரியும், நான் சொல்ல வந்தது வேறு.

இந்த வருஷமும் மழை இல்லை, உளுந்து முளைத்த இடத்திலேயே கருகிவிட்டது, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. காளீஸ்வரி வேலைக்கு விண்ணப்பம் போட உன் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தேன், வேகம் கூட்டவே முடியாத சாதா போர்டு. போன வியாழக்கிழமை அதுவும் எரிந்தது, ரெண்டு வருஷம் முன்னால் உன்னுடையது எரிந்த அதே பிளக், அதே வாடை. அப்புறம்தான் மீட்டர் வைத்துப் பார்த்தேன், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எழுபது வோல்ட், இரண்டு மூன்றைத் தாண்டக் கூடாது. பின்சுவரோரம் போனால் எர்த் குழி மண் காய்ந்து சுருங்கிக் கம்பியை விட்டு விலகி நிற்கிறது, என் கை உள்ளே போகிறது, மின்சாரம் மண்ணில் இறங்க வழியில்லாமல்தான் இரண்டும் எரிந்திருக்கிறது. அந்தக் குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டவன் நான். வெயில் காலத்தில் எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று நான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசில் எல்லோரையும் விரட்டுகிறவனும் நான், வீட்டில் ஒரு செம்பு ஊற்றவில்லை.

சென்னைக் கம்பெனிக்கு அனுப்ப நீ மூன்று மாதம் செய்த அனிமேஷன் டிஸ்க்கோடு எரிந்துபோன அன்று, "அண்ணே, நான் இன்னைக்கு வேகம் ஒண்ணுமே கூட்டலண்ணே" என்றாய். நான் பத்திரகாளி அண்ணாச்சி கடை வாசலில் நாலு பேர் கேட்க, "எரிச்சதும் இல்லாம பொய் வேற சொல்லுதியாலே" என்றேன். அன்று பஸ் ஏறியவன், இப்போது புனேயில் ஒரு குடோனில் பெட்டி அடுக்குகிறாய். நீ சொன்னதுதான் நிஜம். இதை நேற்று அதே வாசலில் நின்று சொன்னேன், அண்ணாச்சி எடை போட்டுக்கொண்டே பையன் போய் ரெண்டு வருசம் ஆச்சே என்றார். அம்மாவிடமும் சொன்னேன், நான் குழிக்குக் குடத்தைத் தூக்கியதும், "பிள்ளைய விரட்டிட்டு இப்ப மண்ணுக்குத் தண்ணி ஊத்துதியாக்கும்" என்றாள். காசு கொடுத்து வாங்குகிற லாரித் தண்ணீர்தான், இருந்தாலும் பாத்திரம் கழுவிய தண்ணீரை அவளும் அங்கேதான் கொண்டுபோய் ஊற்றுகிறாள்.

அனிமேஷனை மறுபடி தொடங்கப் போகிறாய் என்று தெரிகிறது, தொடங்கு, இந்தத் தடவை கை நழுவாமல் நிற்கும், அம்மா உனக்காகக் கோயிலில் விளக்குப் போட்டிருக்கிறாள். என்னோடு பேச வேண்டாம், அவளுக்காவது போன் பண்ணு. போர்டு வாங்கியதும் கம்ப்யூட்டரை உடனே பிளக்கில் மாட்டிவிடாதே, முதலில் அந்த வாடகை அறை பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பார். உன் அறையில் இப்போது இரண்டு வோல்ட்தான் காட்டுகிறது. தினமும் பார்க்கிறேன். அந்தப் பிளக்கில் ஒன்றும் மாட்டவில்லை.

உன் அண்ணன்,
காளிராஜ்
புதூர்