சாமிகள் ஊரில் இல்லாதபோது

ஜனவரி 9
கடைசிக் கூடை எருவையும் ஆப்பிள் மரத்தடியில் கொட்டியாயிற்று. முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது. சங்கராந்தியன்று எங்கள் மலைக்கிராமத்துச் சாமிகள் சொர்க்கத்துக்குக் கிளம்பிவிடும். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வரும்வரை மண்ணில் மண்வெட்டி படக்கூடாது, மரத்தில் கத்தி படக்கூடாது, ஊரில் சத்தமே கூடாது. மாட்டின் கழுத்து மணியைக் கழற்றிவிட்டேன். என் வாயைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜனவரி 13
ஆவியில் அவித்த சித்து ரொட்டியை நெய்யில் தொட்டுத் தின்றுகொண்டே, ஏதோ உப்பு கேட்பதுபோலச் சொல்கிறார் என் வீட்டுக்காரர்: "சாமி திரும்பினதும் மேல்தோட்டத்த வெட்டிடலாம்னு இருக்கேன். குட்டை ரக ஆப்பிள் கன்னு சொல்லி வச்சாச்சு."

மேல்தோட்டமா! நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் என் கையால் ஒட்டுக்கட்டிய மரங்கள். போன பருவத்தில்கூடக் காய்ப்புத் தாங்காமல் முட்டுக்கொடுத்தோம்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரன் வச்சா நீங்களும் வைக்கணுமா? அவன் மொட்டையடிச்சா நீங்களும் அடிச்சுக்குவீங்களா?"

"எனக்குத் தோணிச்சு."

அவ்வளவுதான். காரணம் கேட்டால் இன்னொரு சித்துவைப் பிய்க்கிறார். நாளையிலிருந்து கத்த முடியாதே என்று இன்றே கத்தித் தீர்த்தேன். தொண்டை கட்டிவிட்டது.

ஜனவரி 14
பேசவில்லை.

ஜனவரி 19
பனி. அடுப்பின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். நான் கம்பளி நூற்கிறேன். அவர் பழைய ஆப்பிள் பெட்டி அட்டையில் கோடு போட்டுக் குட்டை மரத்துக்கு இடம் பார்க்கிறார். ஓய்வு காலமாம்! கிசுகிசுத்துத் திட்டினால் திட்டு மாதிரியே இல்லை. நடுவில் சிரிப்பு வேறு வந்து தொலைக்கிறது.

பிப்ரவரி 3
கூரையில் முழங்கால் அளவு பனி. தள்ளுவதற்கு ஏணி வைத்தவர், நாலு படி ஏறி அப்படியே நின்றுவிட்டார். வேறு மாதமாயிருந்தால், 'அங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?' என்று வாசலிலிருந்தே கத்தியிருப்பேன். கத்தக்கூடாதே. காதருகே போய்த் திட்டலாம் என்று ஏணியடிக்குப் போனேன்.

முகம் வெளுத்துக் கிடந்தது. இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை.

"தலை சுத்துது பிமலா. மெல்ல இறக்கி விடு."

அடுப்படியில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். பழம் பறிக்கும்போதே ஆரம்பித்ததாம். கொஞ்சம் ஏறினாலே பூமி சாய்கிறதாம். "குட்டை மரம்னா தரையில நின்னே எல்லாம் பண்ணலாம். அதான்..."

"இதச் சொல்ல முடியாம வாயில என்ன, சித்துவா அடைச்சிருந்துச்சு?"

"சொன்னா நீ ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவ."

ஆமாம், கத்தியிருப்பேன். இத்தனை நாள் பயத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு மரம் ஏறியிருக்கிறார், பாவம். விழுந்திருந்தால்? ஐயோ. சத்தமில்லாமல் அழுதேன். பிறகு நானே ஏறிப் பனியைத் தள்ளினேன்.

பிப்ரவரி 6
மணாலிக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். காதுக்குள் கோளாறாம். மாத்திரை கொடுத்தார். இனி ஏணிப் பக்கமே போகக்கூடாது.

பிப்ரவரி 16
அட்டையில் இப்போது இரண்டு பேரும் கோடு போடுகிறோம். பட்டாணி போடும் கீழ்வயலில் குட்டைக் கன்றுகள். மேல்தோட்டம் அப்படியே நிற்கும்.

"யாரு ஏறிக் கிளை வெட்டுறது?"

"எனக்கு வாய் மட்டுமா இருக்கு? கையும் இருக்கு."

சொல்லிவிட்டேனே தவிர, பயம்தான். எங்கள் ஊரில் பெண்கள் எரு சுமப்போம், பழம் பொறுக்குவோம். வெட்டுக்கத்தரி ஆண்கள் கையில்தான் இருக்கும். தப்பாக வெட்டினால் அந்தக் கிளையில் காய்ப்பு போச்சு. விறகுக் குச்சியை எடுத்து, எந்த மொட்டுக்கு மேலே வெட்டவேண்டும் என்று பொறுமையாகக் காட்டினார். எத்தனை தடவை கேட்டாலும் காட்டினார்.

பிப்ரவரி 26
சாமிகள் வந்துவிட்டன. கோயிலில் மேளம் முழங்கியதும் ஊரே ஒரேயடியாக இரைந்தது. மாட்டுக்கு மணியைக் கட்டிவிட்டு மேல்தோட்டத்துக்குப் போனோம்.

மரத்தில் நான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவர். "அது இல்லடி! இடது பக்கம்! இடது எதுன்னு தெரியாதா?"

பள்ளத்தாக்கே அதிர்கிறது. இந்த மனுஷனுக்கு இவ்வளவு குரலா! பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலியோரம் வந்து நின்று சிரித்தான்.

"என்ன அண்ணி, உங்க குரல அண்ணனுக்குக் குடுத்திட்டீங்களா?"

அவனுக்குக் கொடுக்க நாக்கு நுனியில் நாலு வார்த்தை இருந்தது. விட்டுவிட்டேன். அடுத்த கிளையைத் தொட்டு, "இதுவா?" என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.