காது கிழிந்த சிங்கம்

மச்சான்,

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு நாலு நாளாகிறது. பீரோவைத் திறந்தால் துணியெல்லாம் ஈர வாடை. அதற்கு நடுவே உன் பைனாகுலரின் தோல் உறை மட்டும் தனியாக மணக்கிறது. பழைய தோல், பாச்சை உருண்டை, கண்ணாடி துடைக்க நீ வைத்திருந்த மஞ்சள் துணியில் ஊறிப்போன ஸ்பிரிட். உன் கடைக்குள் நுழைந்தால் அடிக்கும் அதே வாசனை. மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுத்துத் துடையுங்கள் என்று நீ எத்தனையோ பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்காகத்தான் இன்று எடுத்தேன். துடைத்தும் முடித்தேன். திரும்ப உறைக்குள் வைக்க மனம் வராமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தபோது உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், இதை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாள். கணவனை இழந்தவள் வெளியே வராமல் இத்தா இருப்பதால் அவள் உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததை அவளிடமும் சொன்னேன். "கண்ணு போறதுக்குள்ள ஆப்பிரிக்காவையாவது பாத்துட்டாம்மா. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அது ஒண்ணுதான் எனக்குத் திருப்தி."

அவள் சொன்னாள். "அவரு அங்க ஒண்ணும் பாக்கலண்ணே. நீங்க பொறப்படறதுக்கு முன்னாடியே அவருக்குப் பத்தடிக்கு மேல புகைதான்."

லென்ஸ் வாங்கப் போகிறேன் என்று நீ மெட்ராஸ் போனது கண் டாக்டரைப் பார்க்கத்தானாம். நரம்பு வற்றிக்கொண்டே வருகிறது, முதலில் தூரம் போகும், பிறகு கிட்டத்தில் இருப்பதும் போகும் என்று அவர் சொல்லி அனுப்பினாராம். அந்த மாதம்தான் நாம் எந்தக் காட்டுக்குப் போவது என்று சண்டை போட ஆரம்பித்தோம். உனக்கு அது ஒரே ஒரு தடவைதான் என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

நான் ஸ்ரீரங்கத்தில், நீ மலைக்கோட்டைக்குக் கீழே. நான் ரயில்வே ஜன்னலுக்குப் பின்னால் டிக்கெட் கிழிக்கிறவன், நீ மூக்குக்கண்ணாடி விற்கிறவன். சாயங்காலம் ஆனால் அந்தப் பக்கமிருந்து நானும் இந்தப் பக்கமிருந்து நீயும் நடந்து, காவேரிப் பாலத்தின் நடுவில் சந்திப்போம். வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போன சமயத்தில் யாரோ ஒரு துரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன பைனாகுலர் இது. நீ அதைப் பிரித்துச் சீர் செய்து, ஒரு நாள் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாலத்துக்கு வந்தாய். அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டு கோபுரம் தள்ளி யார் வீட்டு மொட்டை மாடியில் என்ன வடகம் காய்கிறது என்பதுவரை உனக்கு வாசித்துக் காட்டுவேன்.

பொன்மலை ரயில் பட்டறையில் வேலை பழகிய என் தம்பி நைரோபி ரயில்வேக்குப் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவன்தான் நம் இருவரையும் கூப்பிட்டு எழுதினான். லீவு ஒரு வாரம்தான் கிடைக்கும், ஓர் இடத்துக்குத்தான் போக முடியும், நீங்கள் பேசி முடிவு செய்து எழுதுங்கள் என்று மூன்று இடங்களைச் சொல்லியிருந்தான். கிளிமஞ்சாரோவின் அடிவாரம் ஒன்று. அதை நாம் இருவருமே விட்டுவிட்டோம். உகாண்டாவில், நைல் நதியில் படகில் போவது இரண்டாவது. நீர்யானையும் முதலையும் யானையும் கரையிலேயே நிற்கும், தண்ணீரை அள்ளித் தெளித்தால் மேலே படும் என்று எழுதியிருந்தான். மூன்றாவது, மலை உச்சியில் ஒரு பெரிய கிண்ணம்போல் இருக்கும் பள்ளம். விளிம்பில் நின்றால் அத்தனை மிருகங்களும் கீழே மேயும். இறங்கிப் போக ஜீப் வேண்டும், அது கிடைப்பது நிச்சயமில்லை, ஆனால் மேலிருந்தே பார்க்கலாம்.

நான் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டேன். நம்மிடம்தான் பைனாகுலர் இருக்கிறதே.

நீ படகு என்றாய். "தூரத்துல நின்னு பாக்கறதுக்கு எதுக்கு மாப்ளே கடல் தாண்டணும்?" என்றாய். பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் சர்க்கஸ் கூண்டு போதுமே, அடுத்த தடவை கூடாரம் போடும்போது முன்வரிசையில் உட்கார வைக்கிறேன் என்று நான் சொன்னேன். பாலத்தில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

பல மாதம் இதே பேச்சுதான். உகாண்டா ரொம்பத் தூரம், ரயிலிலேயே இரண்டு நாள் போய்விடும் என்பேன். போகட்டுமே, ரயில்காரனுக்கு ரயில் கசக்குதா என்பாய். ஒரு நாள் உன் கையில் பைனாகுலரைக் கொடுத்து, மணல் திட்டில் என்ன தெரிகிறது சொல் பார்க்கலாம் என்றேன். நீ நிதானமாகப் பார்த்துவிட்டுக் கொக்குக் கூட்டம் என்றாய். அது சலவைக்காரர்கள் உலர்த்தியிருந்த வேட்டிகள். கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் தெரியவில்லை என்று அன்றைக்கு முழுவதும் உன்னை ஓட்டினேன். கொக்கு என்றே ஒரு மாதம் கூப்பிட்டேன். நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

கடைசியில் நானே முடிவு செய்தேன். ரத்தான அட்டை டிக்கெட் ஒன்றின் பின்பக்கம் மசியால் 'ஙொரொங்கொரோ' என்று அந்தப் பள்ளத்தின் பெயரை எழுதி, நீ ஸ்டேஷனுக்கு வந்தபோது ஜன்னல் வழியாக நீட்டினேன். நீ அதை மூக்குக்கருகே கொண்டுபோய்ப் படித்தாய். "அரிச்சுவடியில பாத்த எழுத்து. அதுக்கப்புறம் இப்பத்தான் பாக்குறேன்," என்றாய். அப்புறம், "சரி மாப்ளே, உன் இஷ்டம்," என்றாய். நான் ஜெயித்துவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர் லால்குடிக்கு ஒரு டிக்கெட் கேட்டார், கொடுத்தேன். அந்த அட்டை இந்த உறையின் அடியில்தான் இருக்கிறது. நீ அதைத் தூக்கிப் போடவில்லை.

கப்பல் டிக்கெட் எடுக்கப் போகும் நேரத்தில் உன் அம்மா குறுக்கே வந்தார். தம்பி கடிதத்தில் 'சஃபாரி' என்று எழுதியிருந்ததை நான்தான் சத்தமாகப் படித்தேன். அது அவர் காதில் 'சஃபர்' என்று விழுந்துவிட்டது. பீடை பிடித்த சஃபர் மாசத்தில் யாராவது கப்பல் ஏறுவார்களா என்று பதறிப்போனார். அந்த ஊர்க்காரர்கள் பயணத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று நீ விளக்கினாய். அவரும் விடாமல் காலண்டரைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்தால் கப்பல் புறப்படுவது உண்மையிலேயே சஃபர் மாதத்தில்தான். மாதத்தில் ஒரு குற்றமும் இல்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து சொல்லியும் அவர் மசியவில்லை. ராகுகாலத்தில் செருப்புக்கூட மாட்டாத குடும்பத்தில் பிறந்த நான் எந்த முகத்தோடு அவரிடம் வாதாடுவது? அந்தக் கப்பல் போயிற்று. அடுத்ததில் ஏறி நாம் போய்ச் சேர்ந்தபோது அங்கே மழை தொடங்கிவிட்டது. ரொம்ப நாள் நான் பழியை அந்த மாதத்தின்மேல் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

மொம்பாஸாவிலிருந்து நைரோபிக்கு ரயிலில் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டாய். உனக்குக் காற்று ஆகாது என்றாய். காவேரிக் காற்றில் தினமும் ஒரு மணி நேரம் நின்றவன் நீ. அதையும் நான் நம்பினேன்.

விளிம்புக்குப் போன அன்று காலை முழுக்க மூடுபனி. கீழே சேறு, ஜீப்காரர்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். பத்து மணிக்குமேல் பனி விலகியது. அத்தனை பெரிய பள்ளத்தை நான் கற்பனைகூடச் செய்ததில்லை. நடுவில் ஓர் ஏரி பளபளத்தது, அதைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். காட்டு மாடு, வரிக்குதிரை என்றான் தம்பி. நான் ஆசை தீரப் பார்த்துவிட்டு உன்னிடம் கொடுத்தேன். தம்பி டீ வாங்கப் போயிருந்தான். நீ முழங்கையைக் கல்லில் ஊன்றி, அசையாமல் வெகுநேரம் பார்த்தாய்.

"என்ன தெரியுது?" என்றேன்.

"சிங்கம்," என்றாய். "படுத்திருக்கு. வலது முன்காலை மடிச்சு அதுமேல மோவாய வச்சிருக்கு. இடது காது நுனியில ஒரு கிழிசல். வால மட்டும் ஆட்டுது."

பறிக்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். புல். திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புல்தான். தெரியுதா என்று கேட்டாய். ஒரு மாதம் உன்னைக் கொக்கு என்று கேலி செய்தவனுக்கு, தெரியவில்லை என்று சொல்ல ரோஷம் விடவில்லை. தெரிகிறது என்றேன்.

திரும்பி வரும் வழியில் மத்தியானம் நீ பின்சீட்டில் தூங்கிவிட்டாய். ஒரு வளைவில் தம்பி காரை நிறுத்தினான். சாலையோர முள்மரத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கி இலை தின்றுகொண்டிருந்தது. உன் பக்கத்து ஜன்னல்தான். கழுத்தைத் தாழ்த்தியபோது அதன் இமை மயிரைக்கூட எண்ணலாம். உன்னை எழுப்பட்டுமா என்று தம்பி கேட்டான். களைத்திருக்கிறான், தூங்கட்டும் என்று நான்தான் சொன்னேன். உன்மேல் இருந்த பிரியத்தில் சொன்னேன், மச்சான். அது தன் பாட்டுக்குப் போயிற்று. நீ எழுந்ததும் சொன்னேன்.

"எவ்வளவு கிட்ட?" என்று கேட்டாய்.

"கைய நீட்டினா தொட்டிருக்கலாம்."

நைரோபி வரும்வரை நீ பேசவில்லை. எழுப்பாததற்குக் கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று எனக்கும் உள்ளூர எரிச்சல்.

ஊர் திரும்பி இரண்டு வருஷத்தில் உன் கண் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. உன் தம்பி கடையைப் பார்த்துக்கொண்டான், நீ கல்லாவில் உட்கார்ந்து குரலை வைத்தே ஆட்களை அடையாளம் சொன்னாய். பாலத்துக்கு என் தோளில் கை வைத்து நடந்து வந்தாய். கடைக்கு வருகிறவர்கள் ஆப்பிரிக்கா பற்றிக் கேட்டால் அந்தச் சிங்கத்தைச் சொல்வாய். மடித்த கால், மோவாய், கிழிந்த காது, ஒன்றும் மாறாது. நான் பக்கத்தில் நின்று ஆமாம் போடுவேன். என் ஸ்டேஷனிலும் அதே சிங்கத்தைச் சொல்லிப் பெயர் வாங்கினேன். இந்த வருஷம் சித்திரையில் ஒரு விடியற்காலை, தொழுதுவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை.

நாற்பதாம் நாளன்று திரை முன்னால் உட்கார்ந்து, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று தங்கச்சியைத்தான் கேட்க முடிந்தது. அவளும் உன்னிடம் அதையே கேட்டாளாம். "சொன்னா அவன் உடனே இடத்த மாத்திருவான். அப்புறம் வழியெல்லாம் என்னையே பாத்துக்கிட்டு வருவான், ஒரு மிருகத்தையும் பாக்கமாட்டான்னாரு," என்றாள்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இன்னமும் இருக்கிறது. சர்க்கஸ் என்று நான் சொன்ன அன்றே என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாமே. படகில் போயிருப்போம். நீர்யானையின் மூச்சாவது உன் முகத்தில் பட்டிருக்கும்.

உன் வீட்டிலிருந்து கிளம்பி, கால் போன போக்கில் உன் கடை வாசலுக்குத்தான் போனேன். உள்ளே போகவில்லை. வாசலோடு நின்று, கண்ணாடி அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தபோதுதான் அந்தப் பூனை நினைவுக்கு வந்தது. நாம் கப்பலேறின காலத்தில் உன் கடையில் பழுப்பாக ஒன்று இருந்ததே, ஃபிரேம்களுக்கு நடுவில் உன் கைக்கெட்டும் இடத்தில் தூங்கும். வலது முன்காலை மடித்து, மோவாயை அதன்மேல் வைத்து, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். எந்தச் சண்டையிலோ இடது காது கிழிந்திருந்தது. உனக்குக் கிட்டத்தில் தெரிந்த ஒன்றை அவ்வளவு தூரம் கொண்டுவந்து, நான் காட்டிய பள்ளத்தில் படுக்க வைத்திருக்கிறாய். நான் ஏமாந்துபோகக் கூடாது என்று. சந்தில் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். நான் நின்று அழுதேன்.

அடுத்த மாதம் தம்பி நைரோபியைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடுகிறான். அவன் பிள்ளைகள் சிங்கத்தை எத்தனையோ தடவை பார்த்திருப்பார்கள். பெரியப்பா, நீங்க பார்த்திருக்கீங்களா என்று கேட்கத்தான் போகிறார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இந்த நாலு நாளும் யோசித்தேன்.

பார்த்தேன் என்றுதான் சொல்லப்போகிறேன். வலது முன்காலை மடித்திருந்தது, இடது காதில் ஒரு கிழிசல் என்று சொல்வேன். நீயும் பார்க்காத, நானும் பார்க்காத அந்த ஒரு சிங்கம்தான் என்னிடம் இருக்கிறது, மச்சான்.