அப்பாவின் காலுறையில் நடந்தது யார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் வழக்கம்போல் சண்டை போடும் அளவுக்கு நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், காய்ச்சல் வந்தால்தான் நீயாகக் கூப்பிடுவாய்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் அப்பா பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டுவார், நான் சிரித்துக் கெடுத்துவிடுவேன், அதனால்தான் கடிதம். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணாவதற்கு முன்பே கண்டுபிடிக்க உங்கள் பல்கலைக்கழகத்தில் மின்னணுத் துறையும் நெசவுத் துறையும் கால் மருத்துவர்களும் சேர்ந்து செய்த, நடக்கிற கணக்கை உனக்கே அனுப்பிவிடும் காலுறையை, போட்டுப் பார்க்கச் சொல்லி அப்பாவுக்கு அனுப்பினாய் அல்லவா. மூன்று வாரம் கழித்து நீ கூப்பிட்டு, "அப்பா மாதிரி நடக்கிறவங்க எங்க பட்டியல்லயே இல்ல" என்றபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், வாசலில் கிடக்கும் செய்தித்தாளை எடுக்கவே என்னை அனுப்புகிறவர், தினம் எட்டு கிலோமீட்டர் நடக்கிறாராம். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்துவிட்டது. மறுநாள் காலை மாடியில் துணி காயப்போடும்போது கீழே பார்த்தேன், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தபால்காரர் நடந்து முடித்து வந்து செருப்பைக் கழற்றுகிறார், காலில் உன் நீலக் காலுறை. இறங்கிப் போய்க் கேட்டேன். "சார்தான்மா போட்டுக்கச் சொன்னாரு, ஆராய்ச்சிக்கு ஒத்தாசைன்னாரு" என்றார். அறிவியலுக்குத் தொண்டு செய்கிற பெருமை அவருக்கு. அவருக்குச் சர்க்கரையும் கிடையாது.

அப்பாவைக் கேட்டால் முதலில் இறுக்குகிறது என்றார், பிறகு நிறம் பிடிக்கவில்லை என்றார். நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தேன். எதிரில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டார், அப்போதுதான் கண்டேன், என் குண்டூசி ஒன்று அவர் இடது உள்ளங்காலில் தலைவரை இறங்கியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "கொஞ்ச நாளா அந்தப் பக்கம் மரத்துப் போச்சு, காலுறை அதைப் பொண்ணுகிட்ட சொல்லிடும், அவ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. அன்றே டாக்டரிடம் இழுத்துப் போனேன். ஊசியை எடுத்தவர் குதிகாலில் ஒரு கொப்புளத்தையும் கண்டுபிடித்தார், இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பாதத்துக்கே ஆபத்து என்றார். இப்போது ஆறிவருகிறது. வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும் என்பது உத்தரவு, காவல் நான்.

அதனால் அந்த மூன்று வாரக் கணக்கை உன் கட்டுரையிலிருந்து எடுத்துவிடு, பேராசிரியரிடம் உள்ளதைச் சொல், சிரித்தால் சிரிக்கட்டும். நெசவுக்காரர்களும் மின்னணுக்காரர்களும் ஒருவர் தலையில் ஒருவர் பழி போட வேண்டாம், காலுறை சரியாகத்தான் சொன்னது, காலைத்தான் நாங்கள் மாற்றிவிட்டோம். ஒன்று மட்டும் உங்கள் தப்பு. விரல் பக்கம் தையல் தடித்திருக்கிறது, உணர்ச்சியில்லாத காலை அது உரசிப் புண்ணாக்கிவிடும். நீ அனுப்பியதில் மாற்று ஜோடியைப் பிரித்துத் தட்டையாகத் தைத்து இதோடு வைத்திருக்கிறேன், எல்லோருக்கும் காட்டு. அத்தனை துறை சேர்ந்தீர்களே, ஒரு தையல்காரியைக் கூப்பிடத் தோன்றவில்லையா.

நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம், விடுமுறைக்கு வந்தால் போதும். நினைத்த காரியம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் இரு. சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார். நேற்றிலிருந்து அப்பா, நான் அதேபோல் தட்டையாகத் தைத்துக் கொடுத்த பழைய ஜோடியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டு, டாக்டர் அனுமதித்தபடி தெருமுனைவரை போய் வருகிறார். கணக்கு ரொம்பச் சின்னதாக வரும், திட்டிவிடாதே, அது அவரேதான்.

உன் அம்மா