உன் சைலன்சரை அறுத்துவிட்டோம்

ஆரம்பாக்கம்,
திங்கட்கிழமை

அன்புள்ள மகன் ரூபனுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் உன் தங்கை பிரின்சியும் சுகம், அம்மாவின் முழங்கால் வலியைச் சேர்க்காவிட்டால். தோஹா வெயிலில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் நீ கத்துவாய், பதிலுக்கு நானும் கத்துவேன், அதனால்தான் பேனா எடுத்தேன். உன் பைக்கின் சைலன்சரை அறுத்துவிட்டோம்.

முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு. பிரின்சிக்குக் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர் வேலை கிடைத்தது, திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு வராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. அந்த நேரத்துக்கு இங்கிருந்து பஸ் ஏது? மூன்று வருஷமாக மூலையில் கிடந்த உன் வண்டியை வாசலிலேயே பிரித்து, எஞ்சினைக் கழுவி, ரிங் மாற்றி ஓட வைத்தாள். ஆனால் நீ ஆசையாக வாங்கி மாட்டிய அந்த டபடப சைலன்சரோடு போனால் கேட்டுக்குள் விட மாட்டார்களாம். வண்டியோடு வந்த கம்பெனி சைலன்சர் எங்கே என்றாள். அதை நான் பழைய இரும்புக்குப் போட்டு நாளாயிற்று. சரி, இதையே அடக்குகிறேன் என்று இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்துவிட்டாள்.

சுற்றிலும் துளை போட்ட குழாய் ஒன்றை உள்ளே விட்டு, அதற்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே கண்ணாடிப் பஞ்சு வைக்க வேண்டும், அது சத்தத்தைக் குடித்துவிடும் என்றாள். பஞ்சு என்றதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் முப்பது வருஷம் நீராவிக் குழாய்க்குப் பஞ்சு சுற்றியவன் நான், என்னிடம் கொடு என்று வாங்கி, இண்டு இடுக்கு விடாமல் உள்குழாயையும் சேர்த்துத் திணித்துக் கொடுத்தேன். அவள் என்னை நம்பி மூடியை வைத்துப் பற்றவைத்துவிட்டாள். ஞாயிறு முழுக்க உதைத்தாள், உதைத்தாள், வண்டி உயிர் பிடிக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றினாள், பிளக்கைக் கழற்றினாள். சாயங்காலம்தான், "நைனா, நடுக்குழாய்லயும் பஞ்சு வெச்சிட்டியா இன்னா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன், அதுவும் பெருமையாக. "அப்பால பொகை எப்டி நைனா வெளிய போவும்?" என்றாள், அவ்வளவுதான். நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அவள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தான் வைத்த வெல்டையே அறுத்து, நடுக்குழாய்ப் பஞ்சை மட்டும் உருவி எடுத்து, மறுபடி பற்றவைத்தாள். ஆறியதும் விரலால் தடவிப் பார்த்தேன் ரூபா, அடேயப்பா, மீன் செதில் அடுக்கினாற்போல் ஒரே சீர். பிளான்டில் எத்தனையோ வெல்டர்களின் பின்னால் வேலை பார்த்தவன், இப்படி ஒன்றைக் கண்டதில்லை. இப்படிப்பட்ட கை உள்ளவளிடமா, வேலை வேண்டாம், கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொன்னேன் என வெட்கமாகப் போயிற்று.

இன்று காலை அவள் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். கேட்டில் செக்யூரிட்டி குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மெக்கானிக்கு யாரு, சோக்கா பண்ணிக்கீறாரே" என்றான். இதோ, என் பெண் என்று அவளைக் கையால் காட்டினேன். அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே விட்டான். நான் பஸ் பிடித்து வந்து நாஷ்டாகூடச் சாப்பிடாமல் இதை எழுதுகிறேன்.

கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, அவளிடம் காட்டாதே. வேளைக்குச் சாப்பிடு, ஆராதனையை விடாதே, ஆண்டவர் உன் கூடவே இருப்பார். வண்டியை அவள் பெயருக்கு மாற்றும் ஃபாரத்தை இதோடு வைத்திருக்கிறேன், மறக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஊருக்கு வந்தால் நீயும் பின்னால் உட்கார்ந்து போகலாம், நன்றாகவே ஓட்டுகிறாள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் நைனா
அந்தோணி